தண்ணீர் விடாத பாதி

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். புத்தி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும். எங்கள் நகரில் பிள்ளைகளுக்கென்று ஒரு தோட்டம் உண்டானது அப்படித்தான். நான் யோசித்து, திட்டம் போட்டு ஆரம்பித்ததாக யாராவது பாராட்டினால் மறுக்காமல் கேட்டுக்கொள்வேன். பாராட்டு என்ன கசக்கவா செய்யும்? ஆனால் நடந்தது வேறு.

திண்டிவனத்தில் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது எங்கள் நகர். மனை பிரித்து விற்றபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பூங்காவுக்கென்று எட்டு சென்ட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பூங்கா வரவில்லை. வேலிக்காத்தான் முள் வந்தது. வீடு கட்டியவர்கள் எல்லாம் மிச்சமான செங்கல்லையும் உடைந்த டைல்ஸையும் அங்கேயே கொட்டினார்கள். பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள தெருக்களில் பெரும்பாலும் கொல்லைகளில், அதாவது புன்செய் நிலங்களில், கூலி வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற குடும்பங்கள். அந்தத் தெருப் பிள்ளைகள் நடுவில் கொஞ்சம் முள்ளை வெட்டி ஒதுக்கிவிட்டு அங்கே கிரிக்கெட் ஆடுவார்கள்.

நான் விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் ரயிலைப் பிடிக்க ஓடுவது, மாலையில் நின்றுகொண்டே திரும்புவது என்று வாரம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கம் ஒன்றுதான் எனக்கென்று மிஞ்சியது. அதை ஒரு நாள் வெளியே கேட்ட சத்தம் கெடுத்தது. எங்கள் நகர் நலச் சங்கத்தின் செயலாளர், ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி, அந்தப் பிள்ளைகளைத் துரத்திக்கொண்டிருந்தார்.

“வெளியாளுங்களுக்கு இங்க என்னடா வேலை? போய் உங்க தெருவுல ஆடுங்க.”

வெளியாட்கள் என்ற அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நேரே போய் நின்றேன்.

“சார், அவங்க வெளியாளுங்க இல்ல. அவங்கதான் இந்த இடத்துல தோட்டம் போடப் போறாங்க. நம்ம நகர் புள்ளைங்களும் சேந்து.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. செயலாளர் பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அதுவரை நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண், பிளஸ் ஒன் படிக்கிறவள், பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே, “ஆமாங்க சார், நாங்கதான் போடப் போறோம்” என்றாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் என் கணவர் சிரித்தார். “வாயாலயே ஏர் ஓட்டிட்ட. இனிமே கையால ஓட்டு, பாக்கலாம்” என்றார். அவருக்கு என்ன, காபியைக் குடித்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுதவில்லை. கேட்டுப் பார்த்தேன். “பேரெல்லாம் வேணாம்க்கா. அப்பறம் எல்லாரும் என்னயே கூப்டுக்கினு இருப்பாங்க, வேல நடக்காது” என்று சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு ரிப்பன் வைத்து இரட்டைச் சடை போட்டுக்கொண்டு போகிறவள் என்பதால் இரட்டைச் சடைக்காரி என்றே சொல்கிறேன்.

சங்கத்தில் பேசி அனுமதி வாங்க நாலைந்து கூட்டம் ஆனது. செயலாளரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சிமெண்ட் போட்டு மெழுகினால்தான் ஓர் இடம் சுத்தம் என்று மனதார நம்புகிறவர், அவ்வளவுதான். அந்த எட்டு சென்ட்டில் தளம் போட்டு, மேலே ஷெட் இறக்கி, வண்டி நிறுத்தவும் விசேஷம் நடத்தவும் வைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கடைசியில் ஒரு பட்டத்துக்கு, அதாவது ஒரு விளைச்சல் முடிகிற வரைக்கும், விட்டுத் தர ஒப்புக்கொண்டார்.

“அறுவடை அன்னிக்கு கமிட்டி வந்து பாக்கும். நகருக்கு உபயோகமா இருக்குன்னு தெரிஞ்சா இருக்கட்டும். நாலு பசங்க வெளாட்டுன்னு தெரிஞ்சா அன்னிக்கு சாயங்காலமே மீட்டிங் போட்டு தளத்துக்கு முடிவு பண்ணிடுவோம். அப்புறம் யாரும் என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது” என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

அரையாண்டு விடுமுறையில் இடத்தைச் சுத்தம் செய்தோம். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். முதல் இரண்டு நாள் அவர்கள் தனியாகவும் இவர்கள் தனியாகவும்தான் வேலை செய்தார்கள். நடுவில் முள் குவியல். அந்தக் குவியலை இழுத்து அப்புறப்படுத்த எல்லோரும் ஒரே கயிற்றைப் பிடிக்க வேண்டியதாயிற்று. கயிறு அறுந்து மொத்தக் கூட்டமும் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தது. எழுந்தபோது யார் எந்தப் பக்கம் என்று பார்க்கிற நிலையில் யாரும் இல்லை. என் எதிர்வீட்டுப் பையன், ஏழாவது படிக்கிறவன், மண்புழுவைப் பார்த்து அலறிக்கொண்டு என் வீட்டு மாடிவரை ஓடினான். அடுத்த வாரம் அதையே உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் துரத்தினான்.

என்ன போடுவது என்று பெரிய விவாதம். நான் கீரையும் கத்தரியும் என்றேன். இரட்டைச் சடைக்காரி ஒப்புக்கொள்ளவில்லை.

“கீரையெல்லாம் ஓரத்துல போடுங்க. நடுவுல மல்லாட்டை போடலாம்க்கா. எங்கம்மா வல்லம் வரிக்கும் மல்லாட்டை புடுங்கப் போவும். லீவு வுட்டா நானும் பின்னாடியே பொறுக்கப் போவேன். எனுக்கு அது நல்லாத் தெரியும்.”

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. பொறுக்குவது என்றால் என்ன என்று நகர்ப் பிள்ளைகள் கேட்டார்கள். நான் சொன்னேன். எங்கள் அப்பாவுக்கு வல்லம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொல்லை உண்டு. மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி முடித்ததும், அறுந்து மண்ணுக்குள் தங்கிவிட்ட காய்களைப் பொறுக்கிக்கொள்ள ஆட்கள் வந்து காத்திருப்பார்கள். கொல்லைக்காரர் வரப்பில் நின்று “எறங்குங்க” என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். சொன்னதும் எல்லோரும் இறங்குவார்கள். பொறுக்கியது அவரவருக்கு. கொல்லைக்காரர் வீட்டு ஆட்கள் இறங்க மாட்டார்கள். இறங்கினால் ஊர் சிரிக்கும். நான் சின்ன வயதில் வரப்பில் அப்பாவின் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல இரட்டைச் சடைக்காரி தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அவள் அதையே மண்ணுக்குள் இருந்து பார்த்தவள்.

விதைக் காய்களை, அப்பாவின் கொல்லையை இப்போது பார்த்துக்கொள்ளும் என் அண்ணன் கொடுத்தனுப்பினார். அவற்றை உடைப்பதுதான் தோட்டத்திலேயே பேஜாரான வேலை. இருபது முப்பது பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து மல்லாட்டை உடைத்தால் பருப்பு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் உடைத்ததில் கூடைக்கு வந்ததைவிட வயிற்றுக்குப் போனது அதிகம். அதனால் ஒரு சட்டம் போட்டேன்: உடைக்கிற வரைக்கும் எல்லோரும் பாட வேண்டும், யார் வாய் நின்றாலும் எழுந்து போய்விட வேண்டும். சினிமாப் பாட்டு தீர்ந்து, பள்ளிக்கூடத்து வாழ்த்துப் பாட்டு தீர்ந்து, கடைசியில் வாய்ப்பாட்டையே ராகம் போட்டுப் பாடினார்கள். விதை தப்பித்தது. எங்கள் தெருவுக்குத்தான் அன்று மத்தியானத் தூக்கம் போயிற்று.

தை பிறந்ததும் விதைத்தோம். முளைத்தது, தழைத்தது, மஞ்சளாகப் பூத்தது. பூ உதிர்ந்ததும் அதன் அடியிலிருந்து ஒரு விழுது நீண்டு மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்து எதிர்வீட்டுப் பையன் திகைத்துப்போனான். “மேல பூத்துட்டு கீழ போய் காய்க்குதா? என்ன ஆன்ட்டி இது, ஏமாத்து வேலையா இருக்கு!” என்றான். களை எடுத்தார்கள், மண் அணைத்தார்கள், பன்றி வராமல் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். பரீட்சை நாட்களிலும் யாராவது ஒருவர் புத்தகத்தோடு வரப்பில் உட்கார்ந்திருப்பார். நான் ஆபீஸ் விட்டு வரும்போது ரயில் ஜன்னலில் இருந்தே அந்தப் பச்சை தெரியும். பக்கத்தில் நிற்கிறவர்கள் யாராக இருந்தாலும் கூப்பிட்டுக் காட்டுவேன். “எங்க புள்ளைங்க போட்டது” என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கும். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

செயலாளர் மட்டும் நடைப்பயிற்சியின்போது நின்று நின்று பார்ப்பார். “என்னம்மா, இவ்வளவு நாளா வெறும் தழையாவே இருக்கு? காயே காணோமே” என்பார். காய் மண்ணுக்குள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கண்ணில் பட்டால்தான் கணக்கு என்பது அவருடைய வழக்கம்.

அதனாலேயே அறுவடைக்கு என் மனதில் ஒரு படம் இருந்தது. கமிட்டி வரும்போது தார்ப்பாயில் மலைபோல மல்லாட்டை குவிந்திருக்க வேண்டும். சுற்றிலும் பிள்ளைகள். செயலாளருக்குப் பேச்சு வரக்கூடாது.

சித்திரையில் ஒரு செடியைப் பிடுங்கி, காயை உடைத்து, ஓட்டின் உள்பக்கம் கறுத்திருப்பதைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பிடுங்குவதென்று முடிவு செய்தோம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, மண் கெட்டிப்பட்டுக் கிடந்தது. அப்படிப்பட்ட மண்ணில் செடியை இழுத்தால் காம்பு அறுந்து காய் உள்ளேயே நின்றுவிடும். முதல் நாள் தண்ணீர் விட்டு மண்ணை இளக்கினால்தான் காய் முழுசாகச் செடியோடு வரும். சனிக்கிழமை எனக்கு விழுப்புரத்தில் நெருங்கிய சொந்தத்தில் ஒரு காதுகுத்து. கிளம்பும்போது இரட்டைச் சடைக்காரியிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

“சாயந்திரம் மொத்தத்துக்கும் தண்ணி விட்டுடு. ஒரு மூலை விடாத.”

“நீங்க போய்ட்டு வாங்கக்கா. நாங்க பாத்துக்கறோம்.”

மறுநாள் காலையில் கமிட்டி வந்துவிட்டது. செயலாளரும் இன்னும் மூன்று பேரும். முன்பக்கத்துப் பாதியில் பிள்ளைகள் பிடுங்க ஆரம்பித்தார்கள். செடியைப் பிடித்து ஓர் இழுப்பு. அடியில் கொத்துக் கொத்தாகக் காய். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. செயலாளரே ஒரு காயைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

பின்பக்கத்துப் பாதிக்குப் போனார்கள். அங்கே சத்தமே மாறியது. பட், பட் என்று அறுந்து செடி கையோடு வந்தது. ஒன்றில் இரண்டு காய். அடுத்ததில் ஒன்று. அதற்கடுத்ததில் வெறும் வேர். நான் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கட்டியாகக் கிடந்தது. ஒரு சொட்டு தண்ணீர் விட்ட அடையாளம் இல்லை. பிள்ளைகள் மட்டும் ஒன்றுமே நடக்காதது போலப் பிடுங்கிக்கொண்டே போனார்கள்.

“என்னம்மா, பாதி தோட்டம் காய்க்கவே இல்லையா?” என்றார் செயலாளர். உடன் வந்தவர்களில் ஒருவர் தார்ப்பாயைப் பார்த்துவிட்டு, “இத இருபது பேர் பிரிச்சா ஆளுக்கு ஒரு பிடி வருமா?” என்று கேட்டார். குத்தலாகச் சொல்லவில்லை, அப்படித்தான் தெரிந்தது அவருக்கு. “அஞ்சு மணிக்கு மீட்டிங். தொட்டிகிட்டயே சேர் போடச் சொல்லிடறேன். நீங்களும் வந்துடுங்க” என்று சொல்லிவிட்டுச் செயலாளர் கிளம்பினார். தளத்துக்கு மேஸ்திரியிடம் பேசியாகிவிட்டது என்று நடந்துகொண்டே யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது.

அவர்கள் தலை மறைந்ததும் நான் வெடித்தேன்.

“தண்ணி விடச் சொன்னேனா இல்லையா? ஒரு வேலை சொன்னா ஒழுங்கா செய்ய மாட்டீங்களா?”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுப் பையன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். ரகசியம் என்ற ஒன்று அவனிடம் ஒரு நாள் தங்கியதே அதிசயம்.

“வுட்டோம்க்கா” என்றாள் இரட்டைச் சடைக்காரி. “முன்னாடி பாதிக்கி வுட்டோம். பின்னாடி வேணும்னுதான் வுடல.”

“வேணும்னா?”

“மொத்தத்தையும் சுத்தமாப் புடுங்கிட்டா பொறுக்க வர்றவங்களுக்கு இன்னா இருக்கும்? நாங்க வீடு வீடாப் போய் சொல்லிட்டோம். ரெண்டு பக்கமும். சாயந்திரம் எல்லாரும் பொறுக்க வாங்கன்னு.”

“மீட்டிங் இருக்குன்னு தெரியுமா தெரியாதா உனக்கு?”

“தெரிஞ்சிதாங்க்கா பண்ணோம். அவுரு கேட்டது இன்னா? நகருக்கு உபயோகமான்னுதான? குமிச்சி வெச்சா நாம துன்னுட்டுப் போய்க்கினே இருப்போம். மண்ணுல வுட்டாதான எல்லாருக்கும்?”

வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று. “இந்த நகர்ல இருக்கறவங்க மண்ணுல கை வெப்பாங்கன்னு நினைக்கிறியா? காய்கறியவே கழுவி பாக்கெட்ல வாங்கறவங்க இவங்க. ஒருத்தர் வரலன்னா அஞ்சு மணிக்கு தளம். அதோட முடிஞ்சுது” என்று கத்தினேன்.

அவள் முகம் ஒரு கணம் வாடியது. அவளுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும், “வருவாங்கக்கா” என்றாள். சின்னவர்கள் எல்லாம், “வருவாங்க ஆன்ட்டி, வருவாங்கக்கா” என்று கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

வெயில் இருக்கும்போதே தொட்டிக் குழாயில் ஹோஸைப் போட்டு அந்தப் பாதி முழுக்கத் தண்ணீர் பாய்ச்சினார்கள். இளகினால்தான் கிளறிப் பொறுக்க முடியும். நாலரை மணிக்கு மண் பதமாகிவிட்டது. தொட்டியடியில் நீல நிற பிளாஸ்டிக் சேர்கள் வந்து இறங்கின. தோட்டத்தைச் சுற்றி ஆள் இல்லை. நான் குழாயடியில் நின்றுகொண்டு, மேஸ்திரி வந்தால் எப்படிச் சண்டை போடுவது என்று வசனம் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது பாதைக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள். களைக்கொட்டும் கூடையுமாக ஆறேழு பேர். வந்தவர்கள் இறங்கவில்லை. வழக்கப்படி ஓரமாக நின்றார்கள். பிறகு எதிர்வீட்டுப் பையனின் அம்மா, கையில் டிபன் டப்பாவோடு, “இவன் தொல்லை தாங்கல, வரலன்னா சாப்பிட மாட்டேன்னுட்டான்” என்று சிரித்துக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். அவர்களைப் பார்த்து இன்னும் நான்கு பேர். ஒருவர் கரண்டி கொண்டுவந்தார். ஒருவர் ஸ்க்ரூ டிரைவர். மீட்டிங்குக்கு என்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்தவர்கள்கூட, சேரில் உட்காராமல் தோட்டத்து ஓரத்தில் வந்து நின்றார்கள்.

இரட்டைச் சடைக்காரி வரப்பில் ஏறினாள்.

“எறங்குங்க” என்றாள்.

எல்லோரும் இறங்கினார்கள். பத்து நிமிடத்தில் அந்தப் பாதியில் கால் வைக்க இடமில்லை. மண்ணைக் கிளறினால் காய் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. கிடைக்கும்போதெல்லாம் ஒரு கூச்சல். களைக்கொட்டை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் காட்டிக் கொடுக்க, ஸ்க்ரூ டிரைவர்காரர் அதை வாங்கிப் பழகிக்கொண்டிருந்தார். செயலாளரின் மனைவி முட்டிவலி என்று கோயிலுக்குக்கூடப் போகாதவர். சப்பணம் போட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கை பரபரத்தது. ஒரு காலைத் தூக்கி வைத்தேன்.

“அக்கா! நீங்க எறங்கக் கூடாது. நாம போட்டவங்க” என்று ஒரு பொடியன் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். அப்போதுதான் கவனித்தேன். பிள்ளைகளில் ஒருவர்கூட இறங்கவில்லை. வரப்பு நெடுக வரிசையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். காலையில் பிடுங்கியதில் பங்கு என்ன வரும் என்று யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அவ்வளவு மிதப்பாக இருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பெற்ற பிள்ளைகள் இல்லை, ஆனாலும் அப்படி ஒரு பெருமை.

அந்த நேரத்தில்தான் இரட்டைச் சடைக்காரியின் அம்மா வந்தாள். எங்கோ வேலைக்குப் போய்விட்டு நேராக வருகிறாள் போலிருக்கிறது. தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்ததும், “ஐயயோ, ஆரம்பிச்சிட்டாங்களா? ஜல்தியா வர்லாம்னா பஸ்ஸு கெடைக்கல” என்று சொல்லிக்கொண்டே சேலையை இழுத்துச் செருகி, இடுப்பில் இருந்த களைக்கொட்டை எடுத்து, ஒரு காலை மண்ணில் வைத்தாள். யோசித்துச் செய்ததில்லை அது, வாழ்நாள் பழக்கம்.

மகள் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

“நீ எறங்காதம்மா.”

“ஏன்டி? எல்லாம் தீந்துபூடும்டி.”

“தீரட்டும். நீ பொறுக்கக் கூடாது. இது நம்ம கொல்லைம்மா. நீ கொல்லைக்காரம்மா. மேல நில்லு.”

அந்த அம்மா மகளைப் பார்த்தாள். மண்ணைப் பார்த்தாள். வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டு வரப்பில் ஏறினாள். களைக்கொட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவளுக்கு; இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள், பிறகு முதுகுப் பக்கம் இடுப்பில் செருகி மறைத்துக்கொண்டாள். எத்தனையோ கொல்லைகளில் மண்ணுக்குள் உட்கார்ந்து வரப்பில் நிற்பவர்களை நிமிர்ந்து பார்த்தவள். வரப்பிலிருந்து கீழே பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. மகள் செய்வதைப் பார்த்து அவளும் மெதுவாகக் கையைக் கட்டிக்கொண்டாள்.

ஐந்து மணிக்குச் செயலாளர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் பேனா. சேர்கள் எல்லாம் காலி. சத்தம் வந்த பக்கம் நடந்து வந்து தோட்டத்து ஓரத்தில் நின்றார். கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும் மண்ணில் குனிந்திருந்தார்கள். காலையில் ஆளுக்கு ஒரு பிடி வருமா என்று கேட்டவரின் சட்டைப் பை பிதுங்கியிருந்தது. செயலாளரின் மனைவி தலையைத் தூக்கி, “பாத்துக்கினே நிக்கிறீங்களே, அந்த மூலைய இன்னும் யாரும் தொடல, வாங்க” என்று கூப்பிட்டார்.

அவர் உடனே இறங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரையோ கேட்டுவிட்டு இறங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நான் தள்ளிக் குழாயடியில் இருந்தேன். வரப்பில் அவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பெரிய ஆள் அந்த அம்மா ஒருத்திதான். யார் என்று அவருக்குத் தெரியாது. வெளியாட்கள் என்று அன்றைக்கு அவர் துரத்திய பிள்ளைகளில் ஒருத்தியின் தாய் என்றும் தெரியாது.

“ஏம்மா, நானும் இறங்கலாமா?”

அந்த அம்மா கட்டியிருந்த கையைப் பிரித்தாள். மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த அம்மா தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“எறங்குங்க சார்” என்றாள். “ஓரத்துல கிளறிப் பாருங்க. அங்கதான் நெறைய இருக்கும்.”

இருட்டுகிற வரைக்கும் பொறுக்கினார்கள். மேலே ஏறி வந்தபோது செயலாளரின் வேட்டியில் இருந்த சிவப்பு மண் எத்தனை துவைத்தாலும் போகாது என்று எனக்குத் தெரியும். ரொம்பத் திருப்தியாக இருந்தது. மடியில் இருந்த காயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மீட்டிங் என்ன ஆச்சு என்று கேட்டவரிடம், “எந்த மீட்டிங்?” என்றார். பிறகு என்னைத் தாண்டி, இரட்டைச் சடைக்காரியையும் தாண்டி, நேராக அந்த அம்மாவிடம் போய் நின்றார்.

“அடுத்த பட்டத்துக்கு என்ன போடப் போறீங்க?”

இந்தத் தடவை அவள் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“கேப்பைங்க” என்றாள்.